சொல்லாமல் நிரூபிக்கும் மொழி

இசக்கியம்மாளோடு பேச அந்த ஆபீஸில் ஆளே கிடையாது. அதனால் மூலையில் உட்கார்ந்து, மூன்று வருஷத்தில் ஒரு கம்ப்யூட்டர் மொழியையே உருவாக்கிவிட்டாள். ஒரு ரகசியம் தெரியும் என்பதை, அதைச் சொல்லாமலே நிரூபிக்கும் புரோகிராம்களை அதில் எழுதலாம்.

அந்த மொழியின் அறிமுகக் கூட்டத்தில் இயக்குநர் நாகலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தார். "சொல்லாம நிரூபிக்கிறதா? யார் காதுலம்மா பூ சுத்துறே? இப்பவே எனக்குப் புரிய வை. இல்லேன்னா உன் மொழிக்கு இன்னைக்கே மூடுவிழா."

"சரிங்க சார். உங்க போனைத் திறக்கிற நம்பர் உங்களுக்குத் தெரியுமா?"

"என் போன், எனக்குத் தெரியாதா?"

"நான் நம்பல சார். நிரூபிங்க."

அவருக்குச் சுருக்கென்றது. போனைக் கையால் மறைத்து நம்பரைத் தட்டினார். திறந்த திரையைக் கூட்டத்தை நோக்கி நீட்டினார். "பாத்துக்கோ!"

"நம்பரைச் சொல்லவே இல்லையே சார். ஆனாலும் நாங்க எல்லாரும் நம்பிட்டோம். இதைத்தான் கம்ப்யூட்டரைச் செய்ய வைக்குது என் மொழி."

அரங்கம் அதிரக் கூட்டம் கைதட்டியது. வேறு வழியில்லாமல் நாகலிங்கமும் தட்டினார்.

மத்தியானம் கேன்டீனில் எல்லோரும் கூடி உட்கார்ந்து அந்தக் கதையையே சொல்லிச் சிரித்தார்கள். அவளுடைய மூலை மேசையைத் தாண்டிப் போன ஒருவர், நிற்காமலே, "சாப்பிட்டாச்சா?" என்றார்.

"ஆச்சு" என்றாள் இசக்கியம்மாள், திறக்காத டிபன் பாக்ஸின் மேல் கையை வைத்துக்கொண்டு.

அதை நிரூபிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.