ஏகாம்பரம் கூட்டிய வேகம்

கல்யாணத்துக்கு முன்னால் ஏகாம்பரத்துக்குக் கம்ப்யூட்டர்ப் பைத்தியம் இருந்தது. கல்யாணமானதும் தெளிந்தது. ஐம்பது வயதில் அது மறுபடி பிடித்துக்கொண்டபோது, கையிலிருந்த காசுக்கு, பிராசஸர் என்கிற மூளை மலிவாக இருந்த ஒரு பெட்டிதான் கிடைத்தது. மகளின் வளைகாப்பு வீடியோவை வெட்டி ஒட்டுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கியது.

மனைவி வேதவல்லி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "இன்னிக்குச் சாயங்காலம் சம்பந்தி வீட்டுக்கு வீடியோ போகலேன்னா, இந்தப் பொட்டி பழைய இரும்புக்காரனுக்குத்தான்!"

ஏகாம்பரம் உடனே கூட்டாளிகள் சிங்காரத்தையும் பட்டாபியையும் வரவழைத்தார். மூளை விஷயத்தில் மூவருக்குள்ளும் ஏற்றத்தாழ்வு கிடையாது.

பிராசஸர் விற்ற கடைக்காரரிடம் போனில் கேட்டார்கள். "வேகத்தைக் கூட்டலாம் சார். ஆனா சூடாகும். அதனால, சூட்டை இழுக்கிற பசையைப் பிராசஸர் மேல புதுசா ஒரு அரிசி அளவு வைங்க. சூடு எண்பது டிகிரியைத் தாண்டறதைப் பார்த்தா உடனே நிறுத்திடுங்க."

போனை வைத்ததும் சந்தேகம் கிளம்பியது.

"அரிசின்னா எந்த அரிசி?" என்றார் சிங்காரம். "பச்சரிசியா, புழுங்கலா?"

"மலிவு பிராசஸருக்கு ரேஷன் அரிசி போதும்," என்றார் பட்டாபி.

ஏகாம்பரத்துக்குச் சுருக்கென்றது. "வளைகாப்பு வீடியோடா இது. நல்ல காரியம். பச்சரிசிதான்."

சமையலறையிலிருந்து ஒரு பிடி அள்ளிவந்து, நுனி உடையாத ஒரு மணியைப் பொறுக்கினார்கள். அதே அளவுக்குப் பசை வைத்தார்கள். பின்னால் யாரும் அளவைக் குறை சொல்லக் கூடாதே என்று, அந்த அரிசியையும் பசையிலேயே பதித்து மூடினார்கள்.

வேகத்தைக் கூட்டியதும் வீடியோ பறந்தது. ஏகாம்பரத்துக்குப் பழைய வாலிபமே திரும்பியது போலிருந்தது. ஆனால் திரையின் மூலையில் சூடும் ஏறியது. எழுபத்தைந்து. எழுபத்தெட்டு.

"தாண்டறதைப் பார்த்தா நிறுத்தணும்னாரே?" என்று பதறினார் பட்டாபி.

சிங்காரம் ஆழ்ந்து யோசித்தார். "பார்த்தாத்தானே?"

மூவரும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். முதுகுக்குப் பின்னால் பெட்டிக்குள்ளிருந்த ஃபேன் அலறிற்று. லேசாகக் கருகல் வாசனை வந்தது. பிறகு சத்தமே இல்லை. திரும்பினால், திரை இருட்டாகக் கிடந்தது.

"எல்லா வேலையையும் முடிச்சிட்டுத் தானாவே அணைஞ்சிருக்கு!" என்று ஏகாம்பரம் நெகிழ்ந்துபோனார்.

வேதவல்லி வந்தாள். "வீடியோ எங்கே?"

"ஓடின வேகத்துல முடிஞ்சே போச்சு வேதா. நீ கொஞ்சம் முன்னாடி வந்திருக்கணும்."

அவள் நேராக வாசலுக்குப் போய், தெருவில் போன இரும்புக்காரரைக் கூப்பிட்டாள்.

அவர் பெட்டியைத் தன் மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, நிதானமாக மிதித்துக்கொண்டு போனார். பார்த்துக்கொண்டு நின்ற ஏகாம்பரத்துக்கு நெஞ்சு தாங்கவில்லை.

"நில்லுப்பா! எவ்வளவு வேகமான மிஷின் தெரியுமா? அதை இப்படியா உருட்டிக்கிட்டுப் போவே?"

மூவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியைப் பின்னாலிருந்து தள்ளியபடி ஓடினார்கள். கடைத்தெரு முழுக்க ஒதுங்கி வழிவிட்டது. இரும்புக்கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தார்கள். அதற்கடியில் பெட்டியைத் தள்ளிவிட்டுத்தான் நின்றார்கள்.

ஏகாம்பரம் மூச்சிரைக்க வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளைடா. இன்னும் கொஞ்சம் மெதுவா வந்திருந்தா கடையை மூடியிருப்பாங்க. பொட்டியைத் திரும்ப வீட்டுக்கே தூக்கிக்கிட்டுப் போயிருக்கணும்!"