பெட்டிக்குள் நின்றுபோன கல்யாணம்

பனைவிளையில் தங்கப்பழம், லிங்கத்துரை, சுயம்பு என்று மூன்று அண்ணன் தம்பிகள். ஒரே வீடு, ஒரே சமையல், மூளையும் மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்றுதான். இதை ஊரார் சொல்லவில்லை, மூத்தவர் தங்கப்பழமே சொல்லுவார். "நமக்கு அறிவு கம்மிடே. தனியா எதையும் யோசிச்சிராதீங்க. மூணு பேரும் கூடி யோசிச்சாத்தான் ஒரு முழு ஆள் தேறும்." அப்படிக் கூடி யோசித்ததில்தான் எல்லா வினையும் வந்தது.

தங்கப்பழத்தின் மகள் சுபாஷினிக்குத் தை மாதம் கல்யாணம். அதற்கு நாலு நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் அப்பா அணஞ்சபெருமாள் குளியலறையில் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். ஒரே மகனுடைய கல்யாணத்தைக் கண்ணால் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. மனுஷன் அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை.

வீடியோக்காரர் இழுத்தடித்து ஐந்து மாதம் கழித்துத்தான் வீடியோவைக் கொடுத்தார். மாப்பிள்ளை நித்தியராஜுக்குக் கப்பலில் வேலை. மறுநாளே கிளம்ப வேண்டும். அவசர அவசரமாக மாமனார் வீட்டில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து, அதை ரூட்டர் வழியாக டிவியோடு இணைத்தார். கல்யாண வீடியோவும் பழைய படங்களும் பெட்டிக்குள் இருக்கும், ரிமோட்டை அமுக்கினால் டிவியில் வரும். "மாமா, வீடியோ இது ஒண்ணுதான் இருக்கு, பத்திரம்" என்று சொல்லிவிட்டு, சுவரில் ஒரு காகிதமும் ஒட்டிவிட்டுப் போனார். "இதற்கு இன்டர்நெட் வேண்டாம். பெட்டி சூடாகக் கூடாது. நல்ல காற்றோட்டம் வேண்டும்."

அணஞ்சபெருமாள் சொல்லியனுப்பினார்: "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வாரேன். மகன் கல்யாணத்தைப் பாத்துட்டுத்தான் பச்சத்தண்ணி குடிப்பேன்."

தங்கப்பழம் வாழ்க்கையில் ஒரு காரியத்தையும் உருப்படியாகச் செய்ததில்லை. சம்பந்திக்கு முன்னால் இது ஒன்றாவது ஒழுங்காக நடக்க வேண்டுமே!

ஞாயிறு காலை லிங்கத்துரை போனும் கையுமாக ஓடிவந்தார். "அண்ணே, மோசம் போனோம். நம்ம வீட்டுக்குள்ள இன்டர்நெட் இருக்கு."

"நாம வாங்கவே இல்லையேடே?"

"பக்கத்து வீட்டு டீச்சரோடது. இங்க நின்னா ரெண்டு கோடு காட்டுது, சன்னல்கிட்ட போனா நாலு."

"அப்ப சன்னல் வழியாத்தான் வருது" என்றார் சுயம்பு.

"வேண்டாம்னு மாப்பிள்ளை எழுதியே ஒட்டியிருக்காரு. அதுக்கு மேலயும் உள்ள வந்தா என்ன அர்த்தம்?" தங்கப்பழம் கொதித்துப்போனார்.

சன்னல்களையெல்லாம் சாத்தி, இடுக்குகளில் சாக்கைத் திணித்தார்கள். அப்படியும் ஒரு கோடு நின்றது. சாவித் துவாரத்தைச் சோப்பு வைத்து அடைத்தார்கள், கோடு அசையவில்லை. சுயம்புவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. "அண்ணே, அது போன்ல ஒட்டிக்கிட்டுல்லா உள்ள வருது!"

மூன்று போன்களையும் வாசலில் ஓர் அண்டாவுக்குள் போட்டு மூடினார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்குள் ஒரு கோடும் தெரியவில்லை. பார்ப்பதற்குப் போனும் இல்லை. தங்கப்பழத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் அடைத்த வீட்டில் புழுக்கம் தாங்கவில்லை. பெட்டியைத் தொட்டால் கை சுட்டது.

"சன்னலத் தொறந்தா இன்டர்நெட் வரும். சாத்துனா சூடாகும். என்னடே செய்ய?"

"நமக்கு வேர்த்தா என்ன செய்யுதோம்? சட்டையைக் கழட்டுதோம்லா?" என்றார் சுயம்பு.

பெட்டியின் மூடியைக் கழற்றி, டிவிக்குக் கீழே வைத்து, டேபிள் ஃபேனையும் போட்டுவிட்டார்கள். "சில சமயம் நாமளும் விவரமானவங்க மாதிரி நடந்துக்கிடுதோம்டே" என்றார் தங்கப்பழம், தன் காதையே நம்பாமல்.

பத்து மணிக்கு அணஞ்சபெருமாள் பட்டு வேட்டியும் கைத்தடியுமாக வந்து இறங்கினார். போனை அண்டாவில் போடச் சொன்னார்கள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் போட்டார். பொருத்தம் பார்த்துத்தான் சம்பந்தம் செய்திருக்கிறார்கள்.

ரிமோட்டை அமுக்கியதும் நாதஸ்வரம் கேட்டது. மணமேடையில் மகனைப் பார்த்து அணஞ்சபெருமாள் பொலபொலவென்று கண்ணீர் விட்டார். கெட்டிமேளம் கொட்டுகிற நேரம். "நிறுத்துங்க!" என்று கத்தினார். "அட்சதை எங்க? கல்யாணத்துக்கு வந்துட்டுச் சும்மா உக்காந்திருந்தா, என் பிள்ளைக்கு ஆசீர்வாதம் எப்படிப் போய்ச் சேரும்?"

நியாயமான கேள்வி. தங்கப்பழம் படத்தை நிறுத்தினார். சுயம்பு அரிசியில் மஞ்சளையும் தண்ணீரையும் விட்டுப் பிசைந்தார். தண்ணீர் கொஞ்சம் தாராளமாகிவிட்டது. படத்தை மறுபடி ஓடவிட்டார்கள். மாப்பிள்ளை தாலியைப் பெண்ணின் கழுத்துக்குக் கொண்டுபோனார். நாலு பேரும் கை நிறைய அள்ளி டிவியைப் பார்த்து வீசினார்கள்.

மூடியில்லாத பெட்டிக்குள் டப்பென்று ஒரு சத்தம். கொஞ்சம் புகை. டிவி கறுத்துப்போனது.

"கட்டிட்டானா?" என்றார் அணஞ்சபெருமாள்.

"கையைக் கொண்டுபோனாரு" என்றார் லிங்கத்துரை. "முடிச்சு விழல. கண்ணு கொட்டாம பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"இல்ல சம்பந்தி, தை மாசமே கட்டியாச்சே..." என்று இழுத்தார் தங்கப்பழம்.

"அது நான் வராத கல்யாணம். நான் வந்த கல்யாணத்துல கட்டலையே, சம்பந்தி?"

மூன்று பேரும் ஒரு மூலைக்குப் போய்க் கூடி யோசித்தார்கள். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் சம்பந்தி சொல்வதுதான் சரியாக வந்தது. தங்கப்பழம் தலையில் அடித்துக்கொண்டார். பெற்ற மகளின் கல்யாணத்தை ஒரு பிடி அரிசியைப் போட்டு நிறுத்திவிட்டேனே, என்னைப்போல மடையன் உண்டா என்று விம்மினார்.

சத்தம் கேட்டு, ஐந்து மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு சுபாஷினி அடுக்களையிலிருந்து வந்தாள். "மாமா, காப்பி எடுத்துக்கிடுங்க" என்று டம்ளரை நீட்டினாள்.

அணஞ்சபெருமாள் பதறிப்போய் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "மாமான்னு கூப்பிடாதம்மா! இன்னும் தாலியே ஏறல, ஊரு என்ன பேசும்?"