கொம்பு ஊதினால் கதவைத் திறக்காதே

எனக்கு முதலில் தீங்கு செய்தவன் ஊர்க்காவல் தலைவன் மாசிலாமணி. கொள்ளைக்காரர்கள் அதற்குப் பிறகுதான். நேரில் பார்த்தால் அவனை நான் அய்யா என்றுதான் கூப்பிட வேண்டும். இங்கே அவன் என்றே சொல்கிறேன்.

கணவாய் வழியாகக் கொள்ளைக்காரர்கள் வர ஆரம்பித்த வருஷம் அவன் ஒரு உத்தரவு போட்டான். ஊர் வாசலில் தொங்கும் கொம்பை ஊதினால் எல்லோரும் கதவைத் தாழிட வேண்டும். அதன் பிறகு யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. திறந்தவருக்குச் சவுக்கடி.

அந்த வருஷம் ஒரு வீடுகூடக் கொள்ளை போகவில்லை. ஊர் அவனுக்கு மாலை போட்டது.

ஒரு நாள் கொம்பு ஊதிய நேரத்தில் என் தம்பி நல்லமுத்து தெருவில் இருந்தான். எங்கள் வீடு தெருக்கோடியில். அதுவரைக்கும் அவன் வந்து சேரவில்லை. காட்டு வேலையில் இருந்து திரும்பிய நான்தான் அவன் உடம்பைத் தூக்கி வந்தேன். வெட்டு கழுத்தில் இருந்தது. இரண்டு கை விரல் முட்டிகளும் தோலுரிந்து கிடந்தன. தட்டியும் திறக்காத கதவுகள் செய்த வேலை அது.

எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. மொட்டைப்பாறை மடத்துச் சாமியிடம் போய்ச் சேர்ந்தேன். நான் படிக்காதவன். சாமியும் எனக்குப் பாடம் எதுவும் சொல்லவில்லை. விறகு பிளக்கச் சொன்னார், பிளந்தேன்.

ஒரு நாள் மாசிலாமணி மடத்துக்கு வந்தான். அவனும் சாமியின் சீடன்தான். எனக்கு முன்பே தீட்சை வாங்கியவன். வாளை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து சாமியின் முன்னால் உட்கார்ந்தான்.

"சாமி, அவர்கள் மறுபடி வருவதாகச் சேதி. ஊர் பயந்து கிடக்கிறது. வணிகர்கள் கிடங்கைப் பார் என்கிறார்கள். கோயில்காரர்கள் நகையைப் பார் என்கிறார்கள். என்னிடம் ஆள் கொஞ்சம். எதை முதலில் காப்பது?"

"போன தடவை எதைக் காத்தாய்?"

"கிடங்கு. கோயில். அப்புறம் என் வீடு."

"அப்புறம்?"

"அப்புறம் ஆள் மிச்சமில்லை சாமி. ஆனால் ஒரு வீடும் போகவில்லை."

"ஒரு ஆள் போனானே."

"அது தெருவில் நடந்தது, சாமி."

என் கோடாலி கட்டையில் சிக்கிக்கொண்டது. சாமி என் பக்கம் திரும்பினார்.

"இரண்டு பேரும் எழுந்திருங்கள். ஊருக்குப் போய் வரலாம்."

ஊர் வாசலை அடைந்தபோது நல்ல உச்சி வெயில். சாமி அவனிடம், "நீ முன்னால் போ. தெருவை ஒரு தடவை நடந்து பார்" என்றார். அவன் போனான். பாதித் தெரு தாண்டியிருப்பான். சாமி என் காதருகே சொன்னார்.

"ஊது."

"சாமி?"

"கொம்பை எடுத்து ஊது."

தொங்கிய கொம்பை இறக்கினேன். ஊதினேன்.

வாசலில் இருந்த காவலர்கள் யார் ஊதினது என்றுகூடப் பார்க்கவில்லை. கிடங்குக்கு ஓடினார்கள். காவல் காக்க ஓடுகிறவர்கள் மாதிரி தெரியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தெருவில் தாழ்ப்பாள்கள் வரிசையாக விழுந்தன. ஒரு கிழவி காயப்போட்ட மிளகாயை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். பிறகு சத்தமே இல்லை. ஒரு குழந்தை அழுதது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

நடுத்தெருவில் மாசிலாமணி நின்றான். இடுப்பைத் தடவிப் பார்த்தான். வாள் இல்லை.

முதல் கதவைத் தட்டினான். "நான்தான், மாசிலாமணி!"

"கொள்ளைக்காரன் மட்டும் வேறு பேரா சொல்வான்? போடா!"

அடுத்த கதவு. அதற்கடுத்தது. அவன் தன் வீட்டுக்கே ஓடினான்.

"தெய்வானை! திறடி!"

அவன் மனைவியின் குரல் உள்ளே நடுங்கியது. "எங்க வீட்டுக்காரர் யாருக்கும் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"நான்தான்டி உன் வீட்டுக்காரன்!"

"குரல் அவர் மாதிரிதான் இருக்கு. ஆனாலும் மாட்டேன். அப்புறம் அவர்கிட்ட யார் அடி வாங்குறது?"

எனக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடினான். வாய் திறந்திருந்தது. அந்த வாயைப் பார்த்தபோது தம்பியும் இப்படித்தான் ஓடியிருப்பான் என்று தோன்றியது. "போதும் சாமி" என்றேன். சாமி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருக்கோடியில் ஒரு கதவு திறந்தது. ஒரு கை அவனை உள்ளே இழுத்துக்கொண்டது.

அது எங்கள் வீடு.

நாங்கள் போய்த் தட்டியதும் தம்பி மனைவி செல்லக்கிளி திறந்தாள். கையில் அரிவாள்மணை வைத்திருந்தாள். உள்ளே மாசிலாமணி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். அவன் கையில் இருந்த செம்புத் தண்ணீர் பாதி வேட்டியில் சிந்தியிருந்தது.

"பயப்படாதே. கொள்ளைக்காரன் யாரும் இல்லை. ஊதச் சொன்னது நான்" என்றார் சாமி.

நான் செல்லக்கிளியைக் கேட்டேன். "இவனுக்கா திறந்தாய்?"

"யாருன்னு தெரியாது மாமா. தட்டுற சத்தம் கேட்டது."

"கொள்ளைக்காரனாக இருந்தால்?"

"அதுக்குத்தான் அரிவாள்மணை." அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டுச் சொன்னாள். "அன்னைக்கும் இதே மாதிரி தூரத்துல தட்டுற சத்தம் கேட்டது. யாரோன்னு இருந்துட்டேன்."

சாமி மாசிலாமணியிடம் கேட்டார்.

"உத்தரவை மீறிவிட்டாளே. சவுக்கடி எப்போது?"

அவன் தலை நிமிரவில்லை. "சாமி, நான் எதை முதலில் காப்பது?"

"இப்போது தெருவில் ஓடினாயே. அப்போது எதைத் தேடினாய்?"

அவன் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான்.

மறுநாளே பழைய உத்தரவு மாறியது. கிடங்கில் நின்ற காவலர்கள் தெருவுக்கு வந்தார்கள். கொம்பு ஊதினால் தெருவில் இருப்பவர்களை வீட்டுக்குள் இழுத்துக்கொண்ட பிறகே தாழிட வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். ஊர் அவனுக்கு இன்னொரு மாலை போட்டது.

அவன் தினமும் எங்கள் தெருவைச் சுற்றி வருகிறான். எங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நல்லமுத்து என்ற பேரை அவன் வாயால் நான் இன்னும் கேட்கவில்லை. செல்லக்கிளியிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாமியிடம் முறையிட்டேன்.

"எனக்கு அவன் பட்ட கடன் தீரவே இல்லையே, சாமி."

"தீரவில்லைதான்."

"நீங்கள் சொன்னால் வந்து கேட்பான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை. நானும் விட்டுவிடுவேன்."

"நீ விட்டுவிட்டால் அவன் நன்றாகத் தூங்குவான்" என்றார் சாமி. "அவனைக் காவலுக்கு அல்லவா வைத்திருக்கிறோம்?"