நரிக்கு வைத்த பெரிய பொறி

முள்காட்டுக் குளக்கரையில் நீலவேணி என்ற பெண்மயில் ஆறு குஞ்சு பொரித்தது. நாலைந்து நாள் இடைவெளியில் நரி வந்து நான்கைத் தின்றுவிட்டது. மிச்சம் இரண்டு.

"கடவுளே, இதுகளையாவது எனக்கு விட்டுவை!" என்று நீலவேணி கும்பிடாத நேரமில்லை. அதற்கு ஆறுதல் செம்பி என்ற புள்ளிமான்தான். உடன்பிறப்புப் போலப் பழகிய மான்.

வேடன் விட்டுப்போன குடிசையிலிருந்து முள்ளம்பன்றி இரண்டு இரும்புப் பொறிகளை இழுத்து வந்தது. ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

"அக்கா, சின்னதை வை! நரியின் காலடித் தடத்தில் பொருத்திப் பார்த்தேன். அளவெடுத்தது போல இருக்கு!"

"இது காலை மட்டும்தானே பிடிக்கும்?"

"வேறெதைப் பிடிக்கணும்? மீசையையா?"

"சிரிக்காதே! நாலு பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான். அந்தப் பாவியின் எலும்பு நொறுங்கணும். பெரியதை வை!"

"அது காட்டுப்பன்றிக்கு உள்ளது. கனத்த கால் மிதித்தால்தான் மூடும். நரி பூப்போல நடக்கிற பயல், அக்கா!"

"என் வயிற்றெரிச்சலுக்கு அந்தப் பெரியதே சின்னது!"

முள்ளம்பன்றி முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டது.

பெரிய பொறியின் வில்லை அழுத்தி அதன் வாயைத் திறக்க மயிலுக்குப் பலமில்லை. செம்பிதான் வந்து முன்னங்கால் இரண்டாலும் மிதித்துத் திறந்து கொடுத்தது. "பார்க்கவே நடுங்குது நீலா," என்றது. நீலவேணி அதன்மேல் சருகு பரப்பி மூடியது. பொறிக்குப் பின்னாலிருந்த புதரில் குஞ்சுகளை ஒளித்துவிட்டு மரக்கிளையில் ஏறி உட்கார்ந்தது.

மறுநாள் நரி வந்தது. சரியாகப் பொறியின் நடுவில் கால் வைத்தது. பொறி அசையவே இல்லை!

நரி சருகை விலக்கிப் பார்த்தது. "அடேயப்பா, எனக்கு இவ்வளவு பெரிய மரியாதையா!" என்று சிரித்து, புதருக்குள் புகுந்து ஒரு குஞ்சைக் கவ்வியது.

குஞ்சு கதறியது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த செம்பி பாய்ந்து ஓடி வந்தது.

"வராதே செம்பி! பொறி! பொறி!"

அலறல் காதில் விழுந்தது. சொல் விழவில்லை.

படீரென்று பொறி மூடியது. செம்பியின் முன்னங்கால் முறிந்து தொங்கியது.

நீலவேணி இறங்கி வந்து அலகாலும் நகத்தாலும் இரும்பைக் கொத்தியது, கீறியது. "உன்னால்தான் இதைத் திறக்க முடியும். மிதி செம்பி, மிதி!"

"எந்தக் காலால்டி மிதிப்பேன்?"

குஞ்சைத் தின்று முடித்த நரி சற்றுத் தள்ளி நின்று ஊளையிட்டது. அந்தி சாய்வதற்குள் அதன் கூட்டமே வந்து சேர்ந்தது.

விடிந்தபோது பொறியில் ஒரு குளம்பு மட்டும் இருந்தது. மிஞ்சிய ஒற்றைக் குஞ்சைச் சிறகுக்குள் வைத்துக்கொண்டு நீலவேணி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. சின்னப் பொறி, முள்ளம்பன்றி போட்டுப்போன இடத்திலேயே கிடந்தது.

பகைவனின் காலை அளக்காமல் தன் கோபத்தை அளந்து வைக்கிற பொறி, தனக்காக ஓடி வருகிறவரைத்தான் பிடிக்கும்.