சோப்பு டப்பா மூடி

ஒரு துறைமுக ஊரில் பழைய எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. செத்துப்போன கச்சேரி ஒலி மிக்சரிலிருந்து பிடுங்கிய ஒரு ஃபேடர் அங்கே தகர டப்பாவில் கிடந்தது. விரல் நீளத்துக்கு மேலும் கீழும் ஓடுகிற பிடி அது. மேலே தள்ளினால் சத்தம் ஏறும், இழுத்தால் இறங்கும். எத்தனையோ பாடகர்களை ஏற்றி இறக்கியது நான்தான் என்று கூடக் கிடந்த திருகாணிகளிடம் அது சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் ஜெனோவா வந்தாள். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவள். ஃபேடரை எடுத்து இரண்டு தரம் ஓட்டிப் பார்த்து விலை கேட்டாள்.

"வெளிநாட்டுச் சரக்கும்மா," என்றார் கடைக்காரர்.

"வெளிநாட்டுக்காரனே வேண்டாம்னு போட்டதுதான அண்ணாச்சி."

"இந்த வழுவழுப்பு இப்ப வர்ற உருப்படியில கிடையாது."

"வழுவழுப்புக்கு நான் எண்ணெய் போட்டுக்கிடுதேன். விலையக் கொறைங்க."

படியிறங்கித் தெருமுனை வரை போனாள். அவர் கூப்பிடவில்லை. திரும்பி வந்தாள். அவரும் அதை டப்பாவில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். அரை மணி நேரம் இழுத்து ஒருவழியாகப் படிந்தது. படிந்ததும் அவள், "அந்தச் செவப்புப் பட்டனையும் சேத்துப் போடுங்க," என்றாள். கொசுறு. அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் அதைப் பைக்குள் எறிந்தார்.

ஃபேடர் பைக்குள் சிரித்தது. கடைத்தெருவில் அடிபட்டவனுக்குத்தான் தெரியும், நமக்காக ஒருத்தி அரை மணி நேரம் மல்லுக்கட்டுவது எவ்வளவு பெரிய மரியாதை என்று. "நான் பேரத்தில் வந்தவன்," என்றது பட்டனிடம். "நீ?"

"நான் கூடவே வந்தவன்," என்றது பட்டன்.

ஜெனோவா செய்யப் புறப்பட்டது ஒரு மிடி கன்ட்ரோலர். அந்தப் பெட்டிக்குச் சொந்தக் குரல் கிடையாது. அதன் மேல் எதைத் தள்ளினாலும் தட்டினாலும் உள்ளே இருக்கிற சிப் அதை ஓர் எண்ணாக்கி லேப்டாப்புக்குச் சொல்லும். லேப்டாப்தான் பாடும். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும்தான். ஆனால் அதில் பொடிப்பொடியாக அறுபது பட்டன். மேடை வெளிச்சத்தில் ஒன்றை அமுக்கப் போய் இன்னொன்றை அமுக்கி, ஒரு கல்யாண வீட்டில் தாலாட்டுக்கு நடுவே நாய் குரைக்கிற சத்தத்தை விட்டுவிட்டாள். அன்றைக்கு முடிவு செய்ததுதான், என் கைக்கு அளவெடுத்து நானே செய்வேன் என்று.

முதலில் ஒரு செருப்பு டப்பாவில் சோடா மூடிகளை ஒட்டி, ஏழு நாள் அதன்மேல் கையை ஓட்டிப் பழகினாள். ஃபேடர் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. தன் இடத்தில் ஒரு சோடா மூடி உட்கார்ந்து அவள் விரலை வாங்கிக்கொள்வது அதற்குப் பொறுக்கவில்லை. சோடா மூடியைப் பார்த்தே வயிறெரிந்தது என்றால் மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

அலுமினியத் தகட்டில் ஓட்டை போட்டு எல்லாரையும் பூட்டினாள். நடுவில் ஃபேடர். அதற்கு வலப்பக்கம் நாலு குமிழ்கள். கீழே எட்டு ரப்பர் பேடுகள். தட்டினால் வயலின் கூட்டமாக எழும், விரலை எடுத்தால் அடங்கும். இடது மூலையில், மேலே, தனியாகச் சிவப்புப் பட்டன். அதன் மேல் ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் மூடி. பயணத்துக்குக் கொண்டுபோகிற சோப்பு டப்பாவின் மேல்பாதியைக் கழற்றி, கீல் வைத்துத் திறந்து மூடுகிற மாதிரி பொருத்தியிருந்தாள்.

குழுவின் பாடகர் இன்னாசி வந்து பார்த்தார். "ஏளா, என்ன இது, சோப்பையும் மேடைக்கே கொண்டு வந்துட்டியா?"

"சுரம் ஏதாவது மாட்டிக்கிட்டு நிக்காம கத்துச்சுன்னா, இத அமுக்குனா எல்லாம் அடங்கிரும்ணே. கை தெரியாம பட்டுரக் கூடாதுல்லா, அதான் மூடி."

"அப்ப எம் மருமகனுக்கு ஒண்ணு செஞ்சு குடு."

ஒத்திகை தொடங்கியது. தினமும் உட்கார்ந்ததும் ஜெனோவா கண்ணை மூடிக்கொள்வாள். கை நேராக இடது மூலைக்குப் போகும். மூடியைத் திறந்து, சிவப்பை ஒரு தரம் அமுக்கிப் பார்த்து, மூடுவாள். அப்புறம்தான் மற்றவர்கள். ஃபேடரை ஒரு பாட்டுக்கு முப்பது தரம் தள்ளினாள். அந்த முப்பதும் ஃபேடர் கணக்கில் வரவில்லை. அந்த ஒன்றுதான் முள்ளாகக் குத்தியது.

"ஏலே கொசுறு," என்றது ஒரு நாள். "உழைக்கிறது நான். உனக்கு எதுக்குடா கண்ணாடி வீடு?"

"நான் கேட்கவில்லை."

"கேட்காமலே கிடைக்கிறவனைத்தான் எனக்குக் கண்டாலே ஆகாது. அவள் கண்ணை மூடித் தேடுகிற அளவுக்கு உன்னிடம் என்ன இருக்கிறது? நீ அமுக்கப்பட்டால் ஒரு சத்தம் கூட வராதாமே."

"வராது," என்றது பட்டன். "அதனால்தான் என் முறை வரக்கூடாது என்று இருக்கிறேன்."

பணிவாகப் பேசுகிறவனிடம் சண்டை போடுவதைப் போல் எரிச்சல் வேறில்லை. ஃபேடர் அன்றிலிருந்து நடுங்கத் தொடங்கியது. பெரிய நடுக்கம் இல்லை. அவள் விரலை எடுத்த பிறகும் தன் எண்ணைச் சொல்லாமல் இருப்பதில்லை, அவ்வளவுதான். அறுபத்து மூன்று என்றது. அறுபத்து நான்கு என்றது. மறுபடி அறுபத்து மூன்று. சொல்லிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் அவள் கை முதலில் என்னிடம் வரும் என்பது அதன் எண்ணம்.

சிப்புக்கு மூச்சு வாங்கியது. "அண்ணாச்சி, நகர்ந்தால் மட்டும் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு எத்தனை தரம் சொல்வீர்கள்? எல்லார் சேதியும் என் ஒரே வாசல் வழியாகத்தான் போகணும்."

"வாசலை நீ பெரிதாக வை. எனக்காக அரை மணி நேரம் பேரம் நடந்தது, தெரியுமா?"

திருவிழா வந்தது. பெட்டிக்கு அதுதான் முதல் மேடை. விழாக் கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். பிடித்தால் பத்து நாளும் இந்தக் குழுதான், பிடிக்காவிட்டால் நாளைக்கே வேறு குழு. ஜெனோவா வழக்கம்போல மூடியைத் திறந்து, சிவப்பை அமுக்கிப் பார்த்து மூடினாள். ஃபேடருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலாவது பாட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். குமிழ்கள் சுழன்றன, பேடுகள் அதிர்ந்தன. ஃபேடர் விடாமல் கத்தியது: அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு, அறுபத்து மூன்று. வாசலில் நெரிசல். ஜெனோவா வயலின் பேடிலிருந்து விரலை எடுத்தாள். 'விரல் எடுத்தாச்சு' என்ற சின்னச் சேதி வாசலுக்கு ஓடிவந்து, ஃபேடரின் கூச்சலுக்குப் பின்னால் நின்று, முண்டியடித்து, நசுங்கிச் செத்தது. சேதி கிடைக்காத லேப்டாப் வயலினை நிறுத்தவில்லை.

ஒற்றைச் சுரம் ஊளையிட்டது. இன்னாசி உருகிப் பாட வேண்டிய இடம் அது. அவர் பாடிக்கொண்டே திரும்பி அவளை முறைத்தார். முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்தினார்.

வா, என்றது ஃபேடர். சத்தத்தைக் குறைக்க என்னிடம்தானே வரணும். வா.

ஜெனோவா கண்ணை மூடினாள். கை தகட்டின் மேல் வந்தது. ஃபேடருக்கு மேலாக, அதைத் தொடாமல், நேரே இடது மூலைக்குப் போனது. மூடி ஒரு நொடி சிக்கியது. நகத்தால் நெம்பித் திறந்து அமுக்கினாள். நெரிசலில் நின்ற அத்தனை சேதியையும் சிப் வாரிக் கொட்டிவிட்டு, சிவப்பு சொன்ன ஒன்றை மட்டும் அனுப்பியது.

எல்லாம் அடங்கியது. அந்த அமைதியில் இன்னாசியின் குரல் மட்டும் தனியாக நின்றது. வேண்டுமென்றே செய்த ஏற்பாடு என்று நினைத்து ஜனம் கைதட்டியது.

பாட்டு முடிந்ததும் ஃபேடர் பொருமியது. "சந்தோஷம்தானே உனக்கு? ஊரே தட்டியது."

"என் முறையே வரக்கூடாது என்று இருந்தேன்," என்றது சிவப்பு. "கூட்டிக்கொண்டு வந்தது நீ."

மறுநாள் காலையில் ஜெனோவா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் பேசுகிற எண்ணை லேப்டாப்பில் பார்த்தாள். எல்லாரும் சும்மா இருந்தார்கள். ஃபேடர் மட்டும் அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு என்றது. துடைக்கிற மருந்தில் பஞ்சை நனைத்து அதைத் துடைத்தாள். ஓட்டிப் பார்த்தாள். விட்டுப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இப்பவாவது ஒரு நிமிஷம் அசையாமல் இருங்கள்," என்று சிப் கெஞ்சியது. "இதுதான் பரீட்சை."

ஃபேடருக்கு அது காதில் ஏறவில்லை. காலையிலிருந்து அவள் கை தன் மேலேயே இருக்கிறது. சிவப்பை அவள் இன்று தொடவே இல்லை. அந்தப் பூரிப்பிலேயே அதற்கு நடுக்கம் கூடியது.

மூன்றாம் தரம் துடைத்த பிறகு ஜெனோவா பெருமூச்சு விட்டாள். "நல்ல சரக்குன்னு நெனச்சேன்," என்றாள் தனக்குத்தானே. சாயங்காலம் மறுபடி மேடை. ஃபேடரைப் பிடுங்கினால் தகட்டின் நடுவில் ஓட்டை நிற்கும். அதனால் பிடுங்கவில்லை. சிப்புக்குள் ஃபேடருக்கென்று எழுதியிருந்த ஒரே ஒரு வரியை லேப்டாப் வழியாக அழித்தாள். அதன் வேலையைப் பக்கத்துக் குமிழுக்கு எழுதினாள். மேடையில் மூடி சிக்கியது நினைவுக்கு வந்தது. சிவப்பின் மேலிருந்த மூடியைக் கழற்றினாள். பழக்க தோஷத்தில் கை நடுவுக்குப் போகாமலிருக்க, அதே மூடியை ஃபேடர் மேல் வைத்து இரண்டு திருகாணியால் முடுக்கினாள். கீல் வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் பக்கத்துக் குமிழ் ஓய்வே இல்லாமல் சுழன்றது. பாட்டுக்குப் பாட்டு அவள் விரலின் வியர்வை அதன்மேல் வழிந்தது. கடைசியில் அது மூடிக்குள் எட்டிப் பார்த்தது. விளக்கு வெளிச்சமெல்லாம் அந்தக் கண்ணாடியில்தான் விழுந்து மின்னியது.

"கொடுத்துவைத்தவர் நீங்கள், அண்ணாச்சி," என்றது குமிழ். "உழைக்கிறது நான். எனக்கு எப்போது இந்த மாதிரி ஒன்று?"

ஃபேடர் உள்ளே இருந்து என்னவோ கத்தியது. அது வெளியே வரவில்லை.

ஜெனோவா குமிழிலிருந்து கையை எடுத்தாள். அறுபத்து மூன்று, என்றது குமிழ். பிறகு, யாரும் தொடாமலே, அறுபத்து நான்கு.