பாத நிபுணர்கள் தெரு

“இவங்கள்ல யாருகிட்டங்கம்மா காலைக் காட்டுறது?” என்று கேட்டார் தண்டபாணி.

கேட்டது மடத்துக் குளப்படியில். கேட்கப்பட்டவர் ஞானாம்பாள் அம்மா, மடத்தின் தலைவி. சீடரைவிட வயதில் நன்றாக இளையவர். ஆனாலும் தண்டபாணி அவருக்கு இரண்டு படி கீழேதான் உட்காருவார். அவர் பார்க்கக் காலை நீட்டவே மாட்டார், அவ்வளவு பக்தி.

“காலுக்கு என்ன?”

“கட்டை விரலுக்கு அடியில ஆணிங்கம்மா. கெட்டியா இருக்கு, நடுவுல கறுப்பா ஒரு புள்ளி. எனக்குச் சர்க்கரை வேற. வியாழக்கிழமை பழனிக்கு நடக்கணும். ஒரு வருசம் விட்டதில்லீங்க.”

“வலிக்குதா?”

“துளிகூட இல்லீங்க. முருகன் புண்ணியம்.”

அம்மாவின் பார்வை அவர் காலுக்குப் போனது.

“பஸ் ஸ்டாண்டுத் தெருவுல ஆளாளுக்கு போர்டு மாட்டியிருக்காங்க. எதைப் பார்த்தாலும் பாத நிபுணர். யாரு நெசமா படிச்சவங்க, யாரு சும்மா பேருக்குன்னு எப்படிங்கம்மா கண்டுபிடிக்கிறது?”

தண்டபாணி கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வித்தவுட்டில் ஏறினவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். போர்டைப் பார்த்துப் பிடிக்க வரவில்லை, பாவம்.

“கண்ணை மூடிக்குங்க ஐயா,” என்றார் அம்மா. “அந்தத் தெருவுல நடங்க. தெரியறதைச் சொல்லுங்க. நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது.”

தண்டபாணி மூடிக்கொண்டார். அம்மா இப்படி ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

“முதல்ல பியூட்டி பார்லருங்க. அந்தப் பொண்ணு சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு.”

“எதுக்குப் படிச்சதாம்?”

“நகம் வெட்ட, வெடிப்பு தேய்க்க, பாலிஷ் போட. சர்க்கரை இருக்கறவங்க டாக்டரைக் கேட்டுட்டு வாங்கன்னு கீழே பொடி எழுத்துல போட்டிருக்கு.”

“அப்புறம்?”

“கால் ஆணி வைத்தியர். போர்டுல படிப்பே கிடையாதுங்க, அவரு போட்டோதான் பெரிசா இருக்கு. பிளேடை வெச்சு அஞ்சே நிமிசத்துல எடுத்துருவாராம். நடக்கப் போறதுக்குள்ள அவருகிட்டதான் போயிரலாம்னு இருக்கேன்.”

“மேல நடங்க.”

அம்மாவின் குரல் சற்றுக் கீழேயிருந்து வந்தது. தண்டபாணி நடையில் மும்முரமாக இருந்தார்.

“மாடியில பிசியோதெரபிங்க. பேருக்கு முன்னாடி டாக்டர்னு இருக்கு. ஆனா மருந்து மாத்திரை எழுத மாட்டாராம். நடை, மூட்டு, தசை, இதுக்குத்தாங்க நான் படிச்சேன்னு அவரே சொல்லிட்டாரு. கீழே சர்க்கரைக்காரங்க செருப்புக் கடை. அளவெடுத்து மெத்துன்னு தெச்சுத் தர்றாங்க. டாக்டர் சீட்டு இல்லாம போனா காலை உள்ள விடாதேங்கறான் கடைக்காரன்.”

“தெரு முடிஞ்சிருச்சா?”

“கடைசியில ஒருத்தருங்க. பேருக்குப் பின்னாடி எழுத்தா ஓடுது, கூட்ஸ் வண்டி மாதிரி. ஆபரேஷன் பண்ணப் படிச்சுட்டு, அதுக்கு மேல சர்க்கரைக்காரங்க பாதத்துக்குன்னே தனியா படிச்சவராம். புண்ணு ஆறாதவங்க, கால் மரத்துப் போனவங்க எல்லாம் அங்கதான் வரிசையா உட்கார்ந்திருக்காங்க. பார்க்கவே சங்கடமா இருக்கும்.”

“நீங்க அங்க போகலையா?”

“நான் எதுக்குங்கம்மா? என் கால் நல்லாத்தானே இருக்கு. வெறும் ஆணி.”

“கண்ணைத் திறங்க.”

திறந்தார்.

அம்மா அவருடைய காலடிப் படியில் உட்கார்ந்திருந்தார். தண்டபாணியின் வலது கால் கட்டை விரலைப் பிடித்து, நகத்தால் அழுத்திக்கொண்டிருந்தார்.

“ஐயோ, அம்மா!” தண்டபாணி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். “நீங்க போய் என் காலை... என்ன பாவங்கம்மா இது! எப்ப இருந்து?”

“ஆணி வைத்தியர் கடையில இருந்து.”

தண்டபாணி குனிந்தார். விரலில் நகம் பதிந்து குழிந்திருந்தது. அதே இடத்தில் தன் நகத்தை வைத்து அழுத்தினார். இன்னும் பலமாக அழுத்தினார். பக்கத்து விரலையும் அழுத்திப் பார்த்தார். எதுவுமே உறைக்கவில்லை.

அவருக்குப் பயம் வந்துவிட்டது.



தண்டபாணி எழுந்து நின்றார். செருப்பைத் தேடினார்.

“அந்தக் கடைசி போர்டுல எழுத்தையெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டேங்கம்மா,” என்றார். “எத்தனை மணி வரைக்கும் பார்ப்பாருன்னு போட்டிருந்துச்சு. அதைத்தான் படிக்கலீங்க.”