கோட்டைத் தாண்டிய நெஞ்சு

ஷெஃபீல்டு நகரத்தில் ஹெஸ்டர் என்று ஒரு நெடுந்தூர ஓட்டக்காரி இருந்தாள். நாற்பதை நெருங்கும்போது அவளுக்குக் கண் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. ஓட்டம் போகவில்லை. பார்வையற்றோர் பந்தயங்களில் இறங்கினாள், அங்கேயும் ஜெயித்தாள். அடங்குகிற ரகம் இல்லை அவள்.

அந்தப் பந்தயங்களில் பக்கத்திலேயே ஒரு துணையாள் ஓட வேண்டும். இருவர் கையையும் ஒரு சின்னக் கயிறு இணைத்திருக்கும். வளைவு வந்தால் துணையாள் சொல்லுவார், கோடு வந்தால் சொல்லுவார். முடிவுக் கோட்டை மட்டும் அவர் முதலில் தாண்டக் கூடாது. தாண்டினால் இரண்டு பேருமே அவுட்.

ஹெஸ்டருக்குத் துணை ஓடியவன் டங்கன். சின்ன வயதிலிருந்து அவளிடமே ஓடப் பழகியவன். நல்ல வேகம், நல்ல மனசு. ஆனால் நாட்டு அணிக்கு ஆள் எடுக்கும் போன தேர்வுப் பந்தயத்தைக் கெடுத்தவனும் அவன்தான். ஹெஸ்டர் முதலாவதாக வந்துகொண்டிருந்தாள். கோடு நெருங்கியதும் டங்கன் பழக்கதோஷத்தில் நெஞ்சை முன்னால் தள்ளிவிட்டான். ஒரு விரற்கடை முந்துவதற்காக ஓட்டக்காரர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். அந்த விரற்கடை ஹெஸ்டரையே முந்திவிட்டது.

நாட்டு அணிக்கு இனி ஒரே ஒரு தேர்வுதான் பாக்கி. முதலில் வருகிறவருக்கு மட்டுமே இடம். இந்த வயதில் அதையும் விட்டால் அவ்வளவுதான்.

பயிற்சி மைதானத்தில் டங்கன் கயிற்றைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தான்.

“வேற ஆளைப் பாருங்க, கோச்.”

“ஏன், கால் சுளுக்கிடுச்சா?”

“விளையாடாதீங்க. உங்க இடத்தைக் கெடுத்துட்டு எனக்குத் தூக்கமே வரல. கோட்டைப் பார்த்தாலே நெஞ்சு தானா முன்னாடி போகுது. எவ்வளவோ பழகிப் பார்த்துட்டேன், அடங்க மாட்டேங்குது.”

“உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யாரு?”

“நீங்கதான்.”

“நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன்,” என்றாள் ஹெஸ்டர். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு அழுகை வந்தது.

“எப்படி மறக்கிறது, கோச்?”

பார்வையற்றோர் பந்தயத்தில் ஓடுகிற எல்லாரும் கட்டிக்கொள்ள வேண்டிய கறுப்புக் கண்பட்டையை ஹெஸ்டர் எடுத்து அவன் கண்ணில் கட்டினாள். கயிற்றை இருவர் கையிலும் மாட்டினாள்.

“ஓடு.”

“கோடு எங்கன்னு சொல்லுவீங்களா?”

“ஓடுடா.”

முதலில் அவன் தட்டுத்தடுமாறினான். பிறகு, கயிற்றின் அந்தப் பக்கம் அவள் கை வீசுவது தெரிந்தது. அதோடு சேர்த்துத் தன் கையையும் வீசினான். கால் தானாக ஒழுங்குக்கு வந்தது. வெகு தூரம் போனபின் அவள் கயிற்றை இழுத்தாள்.

“கோட்டைத் தாண்டிட்டோமா, கோச்?”

“என்னைக் கேட்டா? எனக்கென்ன கண்ணு தெரியுதா?”

டங்கன் கண்பட்டையைக் கழற்றினான்.

“நெஞ்சைத் தள்ளினியா?”

“எங்கன்னு தள்ளுறது? கோடு எங்க இருக்குன்னே தெரியலையே.”

“அப்ப எதை வெச்சு ஓடினே?”

“உங்க கையை வெச்சு.”

ஹெஸ்டர் கண்பட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கயிற்றை வாங்கவில்லை. “சனிக்கிழமை நேரத்தோட வந்துடு,” என்றாள்.

சனிக்கிழமைப் பந்தயத்தில் கடைசிச் சுற்று வரைக்கும் கார்டிஃப் ஊரிலிருந்து வந்த ஒருத்தி தன் துணையோடு இவர்களை ஒட்டியே ஓடிவந்தாள். டங்கன் வளைவைச் சொன்னான். “நேர்” என்றான். அதற்குப் பிறகு அவன் வாயே திறக்கவில்லை. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. நிறுத்து என்று யாரும் சொல்லாததால் ஹெஸ்டர் பாட்டுக்கு ஓடினாள். அடுத்த வளைவில் காலில் புல் தட்டுப்பட்டதும்தான் வேகத்தைக் குறைத்தாள்.

“டேய், கோடு என்னடா ஆச்சு?”

டங்கன் திரும்பிப் பார்த்தான். கோடு எங்கோ பின்னால் கிடந்தது.

“தாண்டி வந்துட்டோம், கோச். சொல்ல மறந்துட்டேன்.”

“கார்டிஃப்காரி?”

“தெரியல. முன்னாடி போனாளா, பின்னாடி வந்தாளா, எதையுமே நான் பார்க்கல. உங்க கையை மட்டும்தான் பார்த்துட்டிருந்தேன்.”

முடிவை இன்னும் அறிவிக்கவில்லை. ஹெஸ்டர் கண்பட்டையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப ஜெயிச்சது நாமதான்,” என்றாள்.